ரயிலில் செல்வோம், சிக்கிமைக் காண்போம்

(உழவர் கல்விச் சுற்றுலாக் குழுவினரிடையே ஆற்றிய உரை)



சிக்கிம் மாநிலத்தின் அங்கக வேளாண்மையைக் காணச் செல்கிறீர்கள். விமானத்தில் போனால் ஒரே நாளாயிற்றே என்று சிலர் கேட்டீர்கள். இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருள்வதால் ரயிலுக்கு இழுவிசை குறைவாகவே தேவைப்படுகிறது. ஒரே வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் செல்கின்றனர். ஆகவே ஆள் ஒன்றுக்குச் செலவாகும் எரிசக்தி விமானத்தைவிட மிகக் குறைவு. மண்ணைக் காக்கும் முறையைக் காணச் செல்வோர் காற்றையும் காப்பது பொருத்தம்தானே?

கன்னியாகுமரி-திப்ருகர் விவேக் விரைவு வண்டி கோவை, ஈரோடு, சேலம் வழியாக நியூ ஜல்பாய்குரி செல்கிறது. அங்கிருந்து மலைச் சாலையில் காங்டாக் போகவேண்டும். ரயிலில் மட்டும் ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். முதல் நாளுக்குப் புளிச்சோறும், பிறகு உண்ண எள்ளுருண்டை, அவல், வேர்க்கடலையும் கட்டிக்கொள்ளுங்கள். அங்கக முறையில் விளைந்த அரிசியும் எள்ளும் உங்களில் சிலர் வீட்டிலேயே உண்டு.

வழியில் "இயற்கை உணவு" என்று அச்சிட்ட பொட்டலங்களைக் கண்டால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அங்ககச் சான்று முத்திரையும் சான்று விவரமும் உள்ளனவா என்று பாருங்கள். சான்று இரு வகைப்படும். ஒன்று, சான்றளிப்பு நிறுவனம் ஆய்வு செய்து தருவது. மற்றொன்று, உழவர் குழுவினர் ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் பி.ஜி.எஸ். முறை. சிறு விவசாயிகளுக்குச் செலவு குறைந்தது பின்னதே.

சிக்கிம் 2003-இல் இம்முயற்சியைத் தொடங்கியது. சுமார் 75,000 ஹெக்டேர் நிலம் சான்று பெற்று, 2016 ஜனவரியில் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இடையில் சென்றவை பதின்மூன்று ஆண்டுகள். மேலும், அங்கு முன்பே ரசாயன உரப் பயன்பாடு மிகக் குறைவு. பெரிய ஏலக்காய், இஞ்சி, மஞ்சள் விளையும் மலைச் சரிவு அது. உரமிட்டுப் பழகிய நமது நஞ்சைக்கு அதை அப்படியே ஒப்பிட இயலாது.

எனவே அங்குள்ள உழவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எருவும் தழையும் எங்கிருந்து கிடைத்தன? மாற்றக் காலத்தில் மகசூல் எவ்வளவு குறைந்தது? அந்த இழப்பை ஈடுகட்டும் விலை கிடைத்ததா? சான்று பெறப் பொதுவாக ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் காத்திருக்க வேண்டும். அதுவரை விளைபொருளை "அங்ககம்" என்று விற்க முடியாது. குடும்பம் தாங்கவேண்டிய காலம் அதுதான்.

திரும்பியதும் நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றிவிடாதீர்கள். கால் ஏக்கரில் தொடங்கி, வரவு செலவை எழுதி வாருங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

பயணம் இனிதாகுக.