பொது அகராதியில் எழுதலாகாது



நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பு அலமாரியிலும் ஓர் அகராதி இருக்கும். பொருள் தெரியாத மாணவன் முதலில் தன் குறிப்பேட்டைப் பார்ப்பான்; அதில் இல்லையேல் வகுப்பு அகராதியை எடுப்பான்; அதிலும் இல்லையேல் பள்ளி நூலகத்தை நாடுவான். நாற்பது பேருக்கு நாற்பது அகராதி வேண்டியதில்லை. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியும் இவ்வாறே அமைந்ததென்பதை ஓய்வு பெற்றபின் அறிந்தேன்.

1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியை வகுத்தார். முன்மாதிரி வழியாக மரபு பெறும் முறையை 'செல்ஃப்' என்னும் முந்தைய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். இதில் பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலுக்கு 'அரே' என்று பெயர். உறுப்புகளும் நீளமுமே ஓர் அரேக்குச் சொந்தம். கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் 'புஷ்', யாவற்றையும் கோத்துத் தரும் 'ஜாயின்' முதலிய செயல்கள் 'அரே புரோட்டோடைப்' என்னும் பொது முன்மாதிரியில் உள்ளன. அங்கும் இல்லாததை 'ஆப்ஜெக்ட் புரோட்டோடைப்' என்பதில் மொழி தேடும். அத்துடன் தேடல் முடியும்.

சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் பொதுச் சொத்துக்குரிய இடரும் இதற்கு உண்டு. ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்ட ஒரு நிரல் எழுதினேன். சராசரி காணும் செயலொன்றை அந்தப் பொது முன்மாதிரியிலேயே சேர்த்துவைத்தேன். பின்பு 'ஃபார் இன்' என்னும் சுற்றினால் பட்டியலை எண்ணியபோது, ஐந்து பாடங்களுக்குப் பின் ஆறாவதாக அச்செயலும் வந்து நின்றது! அச்சுற்று, மரபாக வந்த அதனையும் எண்ணிவிட்டது. கூட்டுத்தொகை குலைந்தது.

என் பிழை என் மேசையோடு போயிற்று. 'மூட்டூல்ஸ்' என்னும் நிரல் தொகுப்பின் கதையோ வேறு. அது 'ஃபிளாட்டன்' என்னும் செயலைப் பொது முன்மாதிரியில் சேர்த்திருந்தது. அத்தொகுப்பைப் பல தளங்கள் கையாண்டன. அரேக்குள் அடுங்கிய அரேக்களை விரித்துத் தரும் செயலை, மொழியின் நெறிகளை வகுக்கும் குழுவினர் அதே பெயரில் சேர்க்க முனைந்தார்கள். 2018-இல் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது இடம்பெற்றதும், மூட்டூல்ஸை நம்பியிருந்த ஒரு தளம் பழுதுபட்டது. முடிவில் மொழியே விட்டுக்கொடுத்தது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்செயல் 'ஃபிளாட்' என்ற பெயரோடு வந்தது.

ஆதலால், புதிய செயல் வேண்டுவோர் அதைத் தம் நிரலுக்குள்ளேயே தனியாக எழுதிக்கொள்வது நன்று. உறுப்புகளை மட்டும் எண்ணுவதற்கு 'ஃபார் ஆஃப்' என்னும் சுற்று இருக்கிறது.

வகுப்பு அகராதியின் ஓரத்தில் மையால் எழுதிய மாணவர்களை நான் கடிந்துகொண்டதுண்டு. அறுபது வயதுக்குப் பின் அதே குற்றத்தை நானே செய்தேன். அவர்களில் எவரேனும் இன்று கேட்டுக்கொண்டிருந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.