பின் வரிசையில் நின்றவள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வங்கி மேலாளர் சார் பரிசு கொடுத்து முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நல்லதாப் போச்சு. இனி இந்த மண்டபத்தில் பெண்கள் மட்டும்தான். மைக் செட் தம்பியையும் டீ குடிக்க அனுப்பிவிட்டேன்.

"தாய்மையும் முழு உடல்நலமும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. முந்திரி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது தையல் தைக்கிறவள். அதனால் என் உடம்பைப் பற்றித்தான் பேச முடியும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2012-ல் நான் இந்தக் கூட்டமைப்பின் பொருளாளர் பொறுப்பை விட்டேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதியிருக்கிறது. எழுதினதும் நான்தான். அது பொய். வீட்டில் ஒரு சூழ்நிலையும் இல்லை. நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய் வங்கியில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிற அந்த மூணு, நாலு மணி நேரம் என்னால் சேலையை நனைக்காமல் இருக்க முடியவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போச்சு. தும்மினால் போச்சு. சிரித்தால் போச்சு. ஒருநாள் வங்கியில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்ட பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் நாற்காலி ஈரமாக இருக்கும். என் பின்னால் இருந்த ஆள் என்னைத் தாண்டிப் போனார். அன்றைக்கு ராத்திரிதான் ராஜினாமா எழுதினேன்.

மூத்தவன் 2003-ல் பிறந்தான். மூணே முக்கால் கிலோ. ஒரு பகல், ஒரு ராத்திரி வலி, சுகப்பிரசவம். அதற்கப்புறம்தான் இது தொடங்கியது. சின்னவள் 2006-ல் ஆபரேஷனில் பிறந்தாள். ஆக, ஒரு பிள்ளை கீழே ஒரு கணக்கு வைத்தது, ஒரு பிள்ளை வயிற்றில் ஒரு கோடு வைத்தது. வயிறு பழைய நிலைமைக்கு வரவே இல்லை. சின்னவளுக்கு ரெண்டு வயது நடக்கும்போது ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து, ஒரு அக்கா கேட்டார்கள்: "எத்தன மாசம் மக்களே?" நான் சிரித்துக்கொண்டே "அஞ்சு" என்று சொன்னேன். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாத்துக்கிடுங்க, இல்லாத பிள்ளைக்கு மாசக் கணக்கு சொன்னவள் நான்.

இந்த மலரில் 2010-ஆம் வருஷத்து குரூப் போட்டோ போட்டிருக்கிறார்கள். அதில் என்னைத் தேடிப் பாருங்கள். கடைசி வரிசையில், உயரமான ஒரு அக்காவின் தோளுக்குப் பின்னால், முகத்தில் பாதி மட்டும் தெரியும். அந்தப் பத்து வருஷத்து எந்தப் போட்டோவிலும் நான் அப்படித்தான் நிற்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனாலும் லைட்டை அணைத்த பிறகுதான் நான் சேலை மாற்றுவேன்.

நான் கிறிஸ்தவள். நம் கூட்டமைப்பில் எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் இருக்கிறோம். யாரையும் எங்கும் கூப்பிட இதைச் சொல்லவில்லை. என் கதையில் என் விசுவாசமும் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்து எடுத்துவிட்டுச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அந்த வருஷங்களில் நான் ஜெபம் பண்ணாமல் இல்லை. தினமும் பண்ணினேன். என்ன ஜெபம்? "ஆண்டவரே, இதைச் சகிக்க பெலன் தாரும்." பிள்ளை தந்தவர் அவர், அதோடு சேர்த்து இதையும் தந்தார், முறுமுறுக்கக் கூடாது என்று நினைத்தேன். சபையில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது உரக்கப் பாடுவதை நிறுத்தினேன், பாடினால் அடியில் அழுத்தும். வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னை ரொம்ப அடக்கமானவள் என்று சொன்னார்கள்!

2017-ல் எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வேதம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. மாற்கு ஐந்தாம் அதிகாரம். பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண் கூட்டத்துக்குள் மறைந்து வந்து, இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிற பகுதி. எல்லாருக்கும் தெரிந்த கதைதான், நானே நூறு தடவை கேட்டிருப்பேன். அவள் கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தும் வியாதி அதிகமானது என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதே கதையை எழுதின லூக்கா வைத்தியர். யாராலும் குணமாகவில்லை என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார், "அதிகமானது" என்று எழுதவில்லை. தொழில் பாசம்!

வாசித்துக்கொண்டே வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் குணமாகிவிட்டாள், அப்படியே போயிருக்கலாம். அவரோ நின்று, யார் தொட்டது என்று கேட்கிறார். ஏன் அந்தப் பாவத்தை எல்லார் முன்னாலும் இழுக்கிறார் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவர்மேல் கொஞ்சம் வருத்தம். அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி அவள் தீட்டானவள். அவள் இருந்த பாயையும் தொடக் கூடாது. மறைவாகக் குணமாகி மறைவாகப் போயிருந்தால் ஊர் அவளைச் சேர்த்திருக்காது. நடுங்கிக்கொண்டு வந்து உள்ளதை எல்லாம் சொன்னாள். அவர் ஊர் கேட்க அவளை மகளே என்று கூப்பிட்டார். அவள் சகித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் பதினாலு வருஷம் சகித்திருந்தேன். அவளைவிட ரெண்டு வருஷம் கூடுதல்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ என்கூட சிரிக்கிறத நிறுத்தினது இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அடி இறங்கிருக்கு, கர்ப்பப்பைய எடுத்துடலாம், பிள்ளை பெத்து முடிச்சாச்சே" என்றார்கள். தேதியும் குறித்துத் தந்தார்கள். நம் குழுக்களில் இப்படித் தேதி வாங்கி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்தார்கள். இறக்கம் லேசாகத்தான் இருக்கிறது, இதற்கு ஆபரேஷன் கடைசி வழி, முதலில் பயிற்சி என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். இறக்கம் அதிகமானவர்களுக்கு உள்ளே தாங்கிப்பிடிக்க ஒரு வளையம் வைக்கிறார்களாம், எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்தப் பயிற்சியை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நம் இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு தசை, தொட்டில் துணி மாதிரி, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்கிறது. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்கினால் எப்படி உள்ளே இழுப்போமோ, அப்படி இழுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறு, தொடை, பின்பக்கம் இறுகக் கூடாது. அஞ்சு எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர விடணும். பழகப் பழகப் பத்து எண்ணும் வரை போகலாம். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள், அது நல்லதில்லை. தும்மல் வரப்போகிறது என்றால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போகிறோம் என்றால், அதற்கு முன்னாலேயே இழுத்துப் பிடிக்கணும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. மூணு மாசம் விடாமல் செய்யணும். எனக்கு நாலாவது மாசத்தில்தான் தும்மி, நனையாமல் இருந்தேன். அடுப்படியில் தனியாக நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஒரு தும்மலுக்கு!

இன்னொன்றும் தெரிந்தது. என் வயிறு தள்ளியிருந்ததற்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் ரெண்டு விரல் இறங்கும் அளவுக்கு இடைவெளி. வயிற்றுத் தசை ரெண்டு பக்கமாக விலகியிருக்கிறது. இதற்கும் பயிற்சி இருக்கிறது, ஆனால் பிள்ளை பெற்றவள் நேராக எழுந்து உட்கார்ந்து வயிற்றைக் குறைக்கிற பயிற்சியைத் தானாகத் தொடங்கக் கூடாது, விலகல் கூடலாம். என் மாமியார் சேலைத் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கொஞ்சம் தாங்கலாக இருந்தது, பாசமும் இருந்தது, ஆனால் கட்டினால் மட்டும் தசை சேராது. மாமியார் செய்த பூண்டும் சுறாப்புட்டும் இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. தண்ணீரை மட்டும் அளந்து தந்தார்கள், வயிறு பெருக்கும் என்று. அது தப்பு மக்களே. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் கூடுதலாக வேணும்.

அதற்கப்புறம் நான் என் உடம்பை ரெண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகினேன். வயிற்றில் வெள்ளைக் கோடுகள், ஆபரேஷன் தழும்பு, அகன்ற இடுப்பு, சரிந்த மார்பு இவையெல்லாம் மாற்றம். வியாதி இல்லை. உயிர்த்தெழுந்த பிறகும் இயேசுவின் கையில் காயத்தின் அடையாளம் இருந்தது, தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். அப்படியிருக்க என் தழும்பை நான் ஏன் மறைக்கணும்? இவற்றை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் சிறுநீர் கசிவதும், அடியில் கனமாகத் தொங்குவதும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதும் ஏற்றுக்கொள்ள வேண்டியவை அல்ல. நான் ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, அதற்கு "தாய்மை" என்றும் "சிலுவை" என்றும் பேர் வைத்திருந்தேன்.

மூச்சு வாங்கியதற்குக் காரணம் ரத்தசோகை. எனக்கு ஹீமோகுளோபின் எட்டரை. நமக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியானால் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாசம், 180 நாள், இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். நான் அதை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு மட்டும் சொட்டு மருந்து தவறாமல் கொடுத்தேன். மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து சேராது. பேறுகாலத்தில் சர்க்கரை வந்து பிறகு போனவர்கள், போய்விட்டது என்று இருக்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போகணும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர்கள் யார்? நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது மாமனாரைக் காட்டிவிட்டு நாம் அடுப்படிக்குள் போய்விடுகிறோம்.

மனசு பற்றியும் சொல்லணும். சின்னவள் பிறந்த பிறகு ஒன்றரை மாசம் நான் தூங்கவில்லை. பிள்ளை அழுதால் எடுக்கத் தோன்றாது. கிணற்றங்கரைக்குப் போகவே பயம், கிணற்றைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. பிசாசின் போராட்டம் என்று ஒருவர் சொன்னார். ஜெபக்குறைவு என்று இன்னொருவர். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகிறேன் என்று சொன்னபோது தேவதூதன் அவரைத் திட்டவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்க விட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். கர்த்தர் பேசினதெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு அந்தத் தேவதூதன் என் அம்மா. ஊரிலிருந்து வந்து, ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நீ தூங்கு" என்றார்கள். அம்மா இல்லாதவர்களும் இருக்கிறோம். பிள்ளை பெற்ற பெண் ரெண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தால் சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

நான் பொருளாளராக இருந்த காலத்தில் உள்கடன் விண்ணப்பம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். காரணம் எழுதுகிற இடத்தில் மாடு, மகன் பைக், மகள் ஃபீஸ், வீட்டுக்காரர் ஆபரேஷன் என்று இருக்கும். "என் உடம்புக்கு" என்று ஒருத்தியும் எழுதினதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் எழுதவில்லை. நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கை: அந்தக் காரணத்துக்கு வருகிற விண்ணப்பத்தை வட்டி குறைத்து, அன்றைக்கே முடித்துக் கொடுங்கள். இன்றைய தீர்மானத்தில் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள், முன்மொழிய நான் தயார்.

முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ரொம்ப தூரம் நடந்தால் இன்றைக்கும் அடியில் கனக்கும், சளி பிடித்த நாட்களில் எச்சரிக்கையாக இருக்கணும். வயிறு இருக்கிறது, பார்க்கிறீர்களே! ஆனால் போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் வாய்விட்டுப் பாடினேன். பின்னால் நின்ற ஒரு பாட்டி, "இவளுக்கு இவ்வளவு சத்தம் உண்டா?" என்று கேட்டார்களாம்.

மேடைக்கு வலது பக்கத்து அறையில் செவிலியர் அம்மாவும் பிசியோதெரபி பார்க்கிற தங்கச்சியும் உட்கார்ந்திருப்பார்கள். கதவு சாத்தியிருக்கும். ஒவ்வொருவராகப் போங்கள், பேர் எழுத வேண்டாம். சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான், அவசரம் இல்லை. அந்த அறையிலேயே கழிவறை இருக்கிறது. தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாளும் சரியாக விழுகிறது. காலையில் நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.