மருந்தின் இரு கைகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வலம்புரிச் சங்கினால் அபிஷேகம் செய்வதைக் கோயிலிலே கண்டிருப்பீர்கள். மன்னார்க் கடலில் எடுக்கும் சங்குகள் பெரும்பாலும் இடம்புரியே. வலம்புரி அகப்படுவது மிக அரிது. ஓர் இடம்புரியைக் கண்ணாடியின் முன் பிடித்தால் அதனுள்ளே தோன்றுவது வலம்புரி. எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றொன்றாகாது. நம் கைகளும் அவ்வாறே.

மூலக்கூறுகளிலும் இந்த வலம் இடம் உண்டு. ஒரு காபன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்திருந்தால், அதனை இரு வகையாக அமைக்கலாம். ஒன்று மற்றதன் கண்ணாடி உருவம். 1848ஆம் ஆண்டில் லூயி பாஸ்ற்றர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஓர் உப்பின் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடம் வேறு வலம் வேறாகக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். உடம்பிலுள்ள புரதங்கள் ஒரு கைப்பட்டவை. ஆதலால் மருந்தின் இரு உருக்களையும் உடம்பு ஒன்றாகக் கொள்வதில்லை. நடுக்கவாதத்துக்குத் தரும் டோப்பா என்னும் மருந்தை முதலில் இரண்டும் கலந்தே கொடுத்தார்கள். இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. பின்னர் இடவுருவை மட்டும் கொடுத்தபோது அந்தத் தொல்லை நீங்கிற்று.

இனித் தலிடமைட்டுக்கு வருவோம். 1957இல் மேற்கு ஜேர்மனியில் கிறுனந்தால் என்னும் கம்பனி இதனை நித்திரை மருந்தாக விற்கத் தொடங்கிற்று. வைத்தியர் சீட்டு இன்றியே வாங்கக்கூடியதாயிருந்தது. கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் நல்லதென்று சொன்னார்கள். பின்பு கைகால் வளராத குழந்தைகள் பிறக்கலாயின. அம்பேர்க் நகரத்து லென்ஸ் என்னும் வைத்தியரும், சிட்னி நகரத்து மக்பிறைட் என்பவரும் தனித்தனியே காரணத்தைக் கண்டு சொல்ல, 1961 நவம்பர் இறுதியில் மருந்து ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் மீட்கப்பட்டது. அதற்குள் உலகில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுவிட்டனர். கரு உண்டாகி 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் ஒரே ஒரு மாத்திரையும் போதுமாயிருந்தது. தான் கர்ப்பவதி என்று தாய் உணராத நாட்களும் அவற்றுள் அடங்கும்.

அந்த மாத்திரை இரு உருக்களும் சரிபாதி கலந்தது. 1979இல் ஜேர்மன் ஆய்வாளர் சிலர் அவற்றைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்து, இடவுருவே கருவைக் கெடுத்தது, வலவுரு கெடுக்கவில்லை என்று எழுதினார்கள். அன்றுதொட்டுப் பாடநூல்கள் பலவற்றில் ஒரு கதை நிலைத்துவிட்டது: வலவுரு உறக்கம் தரும் நல்லவன், இடவுரு ஊனம் தரும் கொடியவன், நல்லவனை மட்டும் விற்றிருந்தால் ஒரு குழந்தைக்கும் கேடு வந்திராது என்பது அக்கதை. கேட்க அழகாயிருக்கிறது. மாணவர் மனத்திலும் எளிதில் பதிகிறது. ஆனால் அது உண்மையன்று.

தலிடமைட்டின் நடுக் காபனிலே தொங்கும் ஐதரசன் அணு உறுதியாகப் பற்றியிருப்பதில்லை. இரத்தம் போன்ற, காரத்தன்மை சிறிதுள்ள நீர்மத்திலே அது கழன்று போகும். திரும்ப வந்து ஒட்டும்போது முன்னிருந்த பக்கத்திலும் ஒட்டலாம், மறுபக்கத்திலும் ஒட்டலாம். மறுபக்கத்தில் ஒட்டினால் வலம் இடமாகிவிட்டது. தூய வலவுருவை விழுங்கினாலும் சில மணி நேரத்தில் உடம்பினுள்ளே இரண்டும் கலந்திருக்கும். சங்கு புரி மாறாது. இந்த மூலக்கூறு மாறும். டோப்பாவுக்குப் பொருந்திய வழி இதற்குப் பொருந்தாமற் போனது இதனால்தான்.

எலியின் சாட்சியத்தையும் முழுதும் நம்புவதற்கில்லை. எலிக்கரு தலிடமைட்டுக்கு எளிதில் கெடுவதன்று. எளிதில் கெடும் முயலிலே 1967இல் இங்கிலாந்தில் சோதித்தபோது, இரண்டு உருக்களுமே ஊனம் விளைவித்தன. ஆயினும் வலம் இடம் என்ற வேறுபாடு பொய்யென்று எவரும் எண்ண வேண்டா. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தலிடமைட் உடம்பிலே பற்றிக்கொள்ளும் புரதத்தைக் கண்டுபிடித்தனர். செரெப்பிளன் என்பது அதன் பெயர். இடவுரு அதனை வலவுருவைவிடப் பன்மடங்கு இறுகப் பற்றுகிறது என்று பின்னர் தெரிந்தது. அப்படிப் பற்றியதும், கைகால் வளர்ச்சிக்கு வேண்டிய வேறு புரதங்கள் அழிக்கப்படுகின்றன. கேட்டைச் செய்வதில் இடவுருவுக்கே பெரும்பங்கு. அதற்காக வலவுருவைத் தாய்க்குக் கொடுக்கலாமா என்றால், கூடாது.

அமெரிக்காவில் அக்குழந்தைகள் மிகச் சிலரே. பிரான்சிஸ் கெல்சி என்ற அரசாங்க உத்தியோகத்தர், ஓர் அம்மையார், 1960இல் விண்ணப்பம் வந்தபோது அனுமதி தராமல் நிறுத்தி வைத்தார்.  மருந்து நரம்பைத் தாக்குகிறதாமே, கருவை என்ன செய்யும், ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கம்பனி பலமுறை நெருக்கியும் அவர் அசையவில்லை.

நிற்க. தலிடமைட் ஒழிந்து போகவில்லை. 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்னும் வைத்தியர் தொழுநோயாளரின் கொடிய வேதனை ஒன்று இதனால் தணிவதைக் கண்டார். எலும்பு மச்சையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் இன்று இது பயன்படுகிறது. கர்ப்பம் இல்லையென்று சோதித்த பின்பே பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு எங்கும் ஒருபோலக் காக்கப்படவில்லை. பிரேசில் நாட்டில் தொழுநோய்க்காகக் கொடுத்த மாத்திரையால், 1961க்குப் பல்லாண்டுகள் கழிந்த பின்பும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. உறையின் மேல் கர்ப்பிணியின் உருவம் வரைந்து குறுக்கே கோடு கீறியிருந்தார்கள். அதைப் பார்த்த பெண்கள் சிலர், கர்ப்பம் தரியாமலிருப்பதற்கான மாத்திரை என்று எண்ணி விழுங்கினார்களாம்.