கடிதம் யார் கையில் போகிறது?

(திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், தாய்மார் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, முதுகு வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசமாட்டேன். "அரட்டைன்னு புதுசா ஒன்னு வந்திருக்காமே, போனில் போட்டுக்கலாமா?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டார். நானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அது வட்ஸ்அப் போன்ற ஒரு செயலி. எழுதி அனுப்பலாம், முகம் பார்த்துப் பேசலாம், குழு அமைக்கலாம். செய்தவர்கள் சென்னையில் உள்ள ஸோஹோ நிறுவனத்தார். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டே வேலை பார்ப்பவர். 2021 இல் வெளியிட்டார்கள். நாலு வருடமாகப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டெம்பர் கடைசியில், உள்நாட்டுச் செயலிகளைப் பாவியுங்கள் என்று இந்திய மத்திய அமைச்சர்கள் சொன்ன நேரத்தில் கூட்டம் அலைமோதியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் 350,000 பேர் சேர ஆரம்பித்ததாக வேம்பு அறிவித்தார்.

எனக்குப் பெயரைக் கேட்டதுமே சந்தோஷம். நாம் லயத்து வாசலில் உட்கார்ந்து அடிக்கிற அரட்டைதானே! போன் இலக்கம் கேட்டது, கொடுத்தேன். இரகசிய எண் வந்தது, போட்டேன். அடுத்து, போனில் உள்ள பெயர்களையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்று அமுக்கிவிட்டேன். இருநூறு பேருடைய இலக்கத்தை, அவர்களைக் கேட்காமலே காட்டிவிட்டேன். அது என் பிழை.

உள்ளே போனால் ஆளில்லை. தெரிந்தவர்கள் நாலே பேர். கொழும்பில் கடையில் நிற்கும் மருமகனும் இல்லை, குவைத்துக்குப் போன அக்காவும் இல்லை. சம்பளம் போடாத வாரத்தில் சந்தைக்குப் போன மாதிரி இருந்தது. கடை எவ்வளவு அழகாக இருந்தாலும், சனம் வந்தால்தான் சந்தை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. பெயர் தமிழா என்று பார்த்தேனே தவிர, என் கடிதம் யார் கையில் போகிறது என்று பார்த்தேனா?

இது நமக்குத் தெரியாத விஷயமா? லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாததால், நம் கடிதமெல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்கோ டவுன் கடைக்கோ வந்து, அங்கிருந்து கைமாறி வந்த காலம் நமக்கு நன்றாகவே தெரியும். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம், திகதி முடிந்த பிறகு கைக்கு வந்து அழுத பிள்ளைகள் எத்தனை பேர்? பிரித்த கடிதம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? நம் கடிதம் நம் கைக்கே நேராக வரவேண்டும் என்பதன் அருமை நம்மை விட யாருக்குத் தெரியும்?

போனிலும் அதே கதைதான். சில செய்திகள் தபாலட்டை மாதிரி. நடுவில் இருப்பவர் நினைத்தால் வாசிக்கலாம். சில, ஒட்டிய கடிதம் மாதிரி; அனுப்பியவரும் பெறுபவரும்தான் திறக்கலாம். வட்ஸ்அப்பில் 2016 இலேயே எல்லாச் செய்தியையும் ஒட்டிவிட்டார்கள். அரட்டையில் கூட்டம் சேர்ந்த நேரத்தில் பேச்சு அழைப்புகளுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு இருந்தது. எழுதும் செய்திக்கு இல்லை. பலர் கேள்வி எழுப்பிய பின், 2025 நவம்பரில்தான் இருவர் எழுதும் செய்திகளுக்கும் கொண்டுவரத் தொடங்கினார்கள். கேட்டதால் கிடைத்தது. கேட்பது தப்பில்லை.

ஆனால் ஒட்டிய கடிதத்திலும் பொய் எழுதலாம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு, மகனின் படத்தோடு ஒரு செய்தி வந்தது. "அம்மா, இது என் புது நம்பர். அவசரம், காசு அனுப்புங்க." தோட்டை அடகு வைத்து அனுப்பிவிட்டார். மகன் பழைய இலக்கத்தில் இருந்து பேசிய பிறகுதான் உண்மை தெரிந்தது. தோடு இன்னும் மீளவில்லை. அந்த அம்மா படிக்காதவர் அல்ல. பிள்ளை மேல் பாசம் வைத்தவர், அவ்வளவுதான். அந்தப் பாசத்தைத்தான் களவாணி குறி வைக்கிறான். வட்ஸ்அப்பிலும் வருவான், பேஸ்புக்கிலும் வருவான், தமிழ்ப் பெயர் வைத்த செயலியிலும் வருவான்.

ஆகையால் மூன்று விஷயங்களை வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஒன்று, போனுக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது வீட்டுச் சாவி. இரண்டு, காசு கேட்டுச் செய்தி வந்தால் பழைய இலக்கத்துக்கு எடுத்து, குரலைக் கேளுங்கள். மூன்று, பொம்பளைப் பிள்ளைகளின் படத்தைத் தெரியாதவர்கள் உள்ள குழுவில் போடாதீர்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். அடிக்குப் பயந்துதான் பிள்ளை மறைக்கிறது. மறைப்பதால்தான் மிரட்டுகிறவன் துணிகிறான். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் இருக்கின்றன. பிள்ளை மடுவத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நம் மலையகத்தை உலுக்கியபோது, பல இடங்களில் கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அந்த நேரத்தில் வட்ஸ்அப்பும் பேசவில்லை, அரட்டையும் பேசவில்லை. பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டியவர்தான் பேசினார். தப்பு அடித்துப் பெரட்டுக்கும் இழவுக்கும் சேதி சொன்ன சனம் நாம். அந்தத் தொடர்பை விட்டுவிடக் கூடாது.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அரட்டையைப் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் பெயர்களைக் காட்டச் சொன்னால், என்னைப் போல் அவசரப்படாமல் யோசித்து அமுக்குங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளை எதில் இருக்கிறதோ, அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எதில் எழுதினாலும், கடிதம் யார் கையில் போகிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.