குன்றின் மேல் கிடந்த செங்கல்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து தோபி காட் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர்கள் நாம். அங்கே அருகில் எழும் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடுக்கப்பட்ட குன்று. பழைய அரசர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று அஞ்சி, ராஃபிள்ஸ் வந்த காலத்திலும் மக்கள் ஏறத் தயங்கினார்கள். ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819இல்தான் சிங்கப்பூர் பிறந்தது என்போருக்கு அந்தக் குன்றே மறுமொழி.

1822இல் அதில் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், சுட்ட செங்கல் அடித்தளங்களையும், மரத்தூண் நடத் துளையிட்ட மணற்கற்களையும், சீனக் காசுகளையும் கண்டு எழுதிவைத்தார். 1920களில் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டியவர்கள் கையில் பொன்னணிகள் கிடைத்தன. அவற்றில் ஒரு தோள்வளையில் இருப்பது காலன் முகம். நம் கோயில் தோரணங்களில் பார்க்கும் கீர்த்திமுகத்தின் உறவு அது. 1984இல் ஜான் மிக்சிக் நடத்திய அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்களும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. ‘அந்த அரசர்களின் கதை சொல்லும் மலாய் ஏடான செஜாரா மெலாயு வெறும் கட்டுக்கதைதானே?’ எனலாம். ஊருக்குப் பெயர் தந்ததாக அதில் வரும் சிங்கம் கதையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த 14ஆம் நூற்றாண்டிலேயே வாங் தாயுவான் என்ற சீன வணிகரும் தெமாசெக் எனப்பட்ட பழைய சிங்கப்பூரைப் பற்றி எழுதியிருக்கிறாரே! ஏடும் மண்ணும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டா சாட்சி சொல்லின?

‘செஞ்சிக் கோட்டை போல ஒரு மதிலாவது நிற்க வேண்டாமா?’ என்று கேட்பவர்கள், அந்தத் துளையிட்ட கற்களை நினைக்க வேண்டும். மரத்தில் எழுந்த மாளிகை மட்கிப்போகும். எஞ்சியதன் மேல் 1859இல் ஆங்கிலேயர் உச்சியைச் சமப்படுத்திக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பழைய எழுத்துப் பொறித்த பாறையையோ 1843இலேயே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இல்லாமல் போனதற்கும் இல்லாமலே இருந்ததற்கும் வேறுபாடு உண்டு.

‘அப்படியானால் அது சோழன் கோட்டை’ என்று நம்மவர் சிலர் துள்ளுவதும் சரியல்ல. ராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025இல். சோழராட்சி முடிந்தது 1279இல். அகழாய்வுப் பொருள்களோ அதற்கும் பிந்தியவை. அது மலாய் அரசர்களின் குன்று. சிங்கபுரம் என்ற சொல்லும் காலன் முகமும் கடல் தாண்டிய உறவைக் காட்டுகின்றன; உரிமைப் பத்திரத்தை அல்ல. 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை போட்டதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்வோம். அவர் சூளை மூட்டுவதற்கு முன்பே குன்றின் மேல் சுட்ட செங்கல் கிடந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.