வேப்பிலையும் கசையடியும்
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போடிமெட்டு ஏறியும், குமுளி வழியாகவும், வாளையாறு தாண்டியும் பிழைக்க வந்த நம் பாட்டன் பாட்டிமார், துணிமூட்டையோடு தெய்வங்களையும் கொண்டு வந்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், அதன் கீழ் ஒரு கல், கொஞ்சம் வேப்பிலை. அதுதான் மாரியம்மன், அதுதான் முனியாண்டி. காய்ச்சலென்றாலும், பிள்ளை பயந்தாலும் அங்கேதான் ஓடினோம். இதைப் பார்த்து 'பாண்டிக்காரனின் மூடநம்பிக்கை' என்று சிலர் கேலி பேசுகிறார்கள். இப்படிப்பட்ட கேலிக்கு ஒரு சரித்திரம் உண்டு.

வெள்ளைக்காரன் ஆண்ட மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வதைபட்டார்கள். அவர்களிடையே பச்சிலையும் மந்திரமும் அறிந்தவர்கள் இருந்தார்கள். அந்த வித்தைக்கு ஒபியா என்று பெயர். 1760ல் ஜமைக்காவில் டாக்கி என்பவர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, போராளிகளுக்குச் சத்தியம் செய்து வைத்துத் தைரியம் ஊட்டியவர்கள் ஒபியாக்காரர்கள். கிளர்ச்சியை நசுக்கிய கையோடு, அதே ஆண்டில் ஒபியாவுக்கு மரண தண்டனை, இல்லையேல் நாடு கடத்தல் என்று சட்டம் போட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் விடவில்லை. 1898ல் வந்த சட்டத்தில் சிறையும் கசையடியும் இருந்தன. மந்திரத்தைவிட, ஜனங்கள் ஒன்று கூடியதுதான் முதலாளிகளை நடுங்க வைத்தது.

அடிமைகள் விட்ட மண்வெட்டியை எடுக்கக் கூலிகளாகப் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. சென்னையில் கப்பலேறிய தமிழர்களோடு மாரியம்மனும் மதுரைவீரனும் கயானாவுக்குப் போனார்கள். தப்பும் வேப்பிலையுமாக நடக்கும் அந்தக் காளிமாய் பூசையையும் ஒபியா என்றே இழித்துப் பேசினார்கள். டிரினிடாடில் 1868ல் வந்த ஒபியாத் தடை இந்தியத் தொழிலாளர் மீதும் பாய்ந்தது. அந்தத் தடை நீங்கியது 2000ஆம் ஆண்டில்தான்!

இங்கே என்ன நடந்தது? 1877ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். கங்காணிகள் நம்மவர்களை மலையேற்றினார்கள். ஒபியாச் சட்டம் போல் ஒன்று இங்கே வரவில்லை. தொழிலாளியைக் கட்டிப்போடக் கங்காணியின் முன்பணக் கடனே போதுமாயிருந்தது. ஆஸ்பத்திரி வசதி செய்வது தோட்ட முதலாளியின் கடமை என்று இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்ததோ 1951ல்தான். அதுவரை தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலில் கிடந்தவனுக்குப் பூசாரியின் திருநீறுதான் முதல் மருந்து. சிலருக்கு அதுவே கடைசி மருந்து.

ஒன்றை மறக்கக் கூடாது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, அன்னியரை உள்ளே விடாமல் காத்தோம். அதில் நம் முன்னோர் அறிவு இருந்தது. ஆனால் பெரியம்மையை 1975ல் இந்தியாவை விட்டே விரட்டியது தடுப்பூசிதான்.

எனவே, சாமி கும்பிடுவதற்காக யாரிடமும் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அதே சமயம், பாம்பு கடித்தவனை மந்திரிக்க உட்கார வைத்து உயிரை விடுவதும் வேண்டாம். செய்வினை என்று பயமுறுத்திக் காசு பறிப்பவன் நம் சாதிக்காரனாயிருந்தாலும் அவனை விரட்டுவோம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன கடமை, அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. லயத்துக்கு எட்டும் தூரத்தில் டாக்டர், இரவிலும் வண்டி, நம் பேச்சு புரிந்த நர்ஸ் — இவற்றை ஒன்றுபட்டுக் கேட்போம்.

கோயில் கட்ட வரி போட்டுக் கூடுகிறோமே, அதே ஒற்றுமையோடு ஆஸ்பத்திரி கேட்கவும் கூடுவோம்!