ஆலய நுழைவும் சமாதானக் கூட்டமும்



தாம்பரத்தில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் விழுப்புரம். அதனையடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற நம்மவர் தாக்கப்பட்டனர். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே முத்திரையிட்டனர். அமைதி காப்பதற்காம்! தடுத்தவருக்கும் தடுக்கப்பட்டவருக்கும் ஒரே பூட்டு. நீதிமன்ற ஆணைகளுக்குப் பின், 2025 ஏப்ரலில்தான் நம்மவர் உள்ளே சென்று வழிபட்டனர்.

இத்தகைய பூசல்களில் முதலில் கூட்டப்பெறுவது சமாதானக் கூட்டமே. "இவ்வாண்டுத் திருவிழா முடியட்டும்" என்பர். நாம் என்ன விடையிறுப்பது? 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள இடமிருந்தது. கூலிக்கு அவர் நிலத்தையே நம்பியிருப்பவன் செய்துகொள்ளும் சமரசம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். எல். இளையபெருமாள் தலைமையிலான குழு தீண்டாமைக் கொடுமைகளை நாடெங்கும் ஆராய்ந்தது. பின்னர் வந்த 1976 திருத்தம் சமரசத்திற்கு இருந்த வழியை அடைத்தது. பெயரும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றாயிற்று. பொது வழிபாட்டிடத்தில் தீண்டாமை காரணமாகத் தடுப்பவருக்கு ஒரு மாதத்திற்குக் குறையாத சிறை உண்டு.

ஆதலின் பந்தல், ஒலிபெருக்கி பற்றிக் கூட்டத்தில் பேசலாம். நுழையலாமா என்பதைப் பேச எக்கூட்டத்திற்கும் அதிகாரமில்லை. இளைஞர்கள் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவைத் தமிழில் எழுதி எடுத்துச் செல்க. வட்டாட்சியர் முன்னிலையில் வாசித்து, கூட்டக் குறிப்பில் பதியுமாறு கேட்க.